ருடால்ப் டீசலும் கொல்லிமலை ஜீப்பும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயில்வோர் உள்ளத்தே இருவர் தோன்றுவர். ஒருவன், ஓர் அம்பினாலே பல விலங்குகளை வீழ்த்தியவன் எனப் புகழ்பெற்ற வள்ளலாகிய வல்வில் ஓரி. மற்றொருத்தி, அம்மலைச் சாரலிலே தெய்வத்தன்மையோடு அமைக்கப்பெற்று, தானே அசைந்தும் நகைத்தும் கண்டோர் உயிரைக் கவர்ந்தாள் எனப் பழங்கதை கூறும் கொல்லிப்பாவை. இவ்விருவரோடு மூன்றாமவர் ஒருவரையும் சேர்க்க யாம் துணிகின்றோம். அவர் தமிழரல்லர், அம்மலையைக் கண்ணாற் கண்டவரும் அல்லர். ஆயினும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சோளக்காடும் செம்மேடும் சேரும் பாதையிலே, அவர் பெயரை நாள்தோறும் பன்முறை கூறாத ஓட்டுநர் இலர். அவர்தாம் ருடால்ப் டீசல்.

டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கின்றோம். அஃது ஒரு மனிதரின் குடிப்பெயர் என்பதும், அம்மனிதர் வறுமையிற் பிறந்து, அறிவால் உயர்ந்து, பெருஞ்செல்வம் ஈட்டி, அதனை இழந்து, நள்ளிரவிலே கடலில் மறைந்தார் என்பதும் பரவலாக அறியப்படாதவை. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். கூறுங்கால், அவர் படைத்த பொறியின் சிறியதொரு பண்பையும் உடன் எடுத்துக்கொள்வோம். வண்டி நின்றிருக்கும்போது, பாரம் ஏதும் இழுக்காமலே பொறி தன்னளவில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கின்றதே, அப்பண்பைத்தான் கூறுகின்றோம். பட்டறைகளில் அதனை ஐடிலிங் என்பர். யாம் அதனை வெற்றோட்டம் எனத் தமிழ்ப்படுத்திக்கொள்வோம். டீசலின் பொறி முதன்முதல் உயிர்பெற்றதே அவ்வெற்றோட்டத்தில்தான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இளமை

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிசு மாநகரிலே பிறந்தார். அவருடைய பெற்றோர் செருமனி நாட்டுப் பவேரியப் பகுதியினின்று பிழைப்பு நாடி வந்தவர். தந்தையார் தியோடோர் புத்தகங்கட்டும் தொழிலும் தோல்வேலையும் செய்துவந்தார். வருவாய் போதாத இல்லம் அது. அந்நகரத்துப் பழைய தொழிற்கருவிக் காட்சிச்சாலை சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த நீராவி வண்டியையும் பிற பொறிகளையும் நெடுநேரம் நோக்குவதும், அவற்றைத் தாளில் வரைவதும் அவனுக்கு விளையாட்டாயின.

1870-ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. செருமனியராய்ப் பிறந்தோர் பாரிசை விட்டகல வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் இருந்த பொருளையெல்லாம் விட்டுவிட்டு இலண்டன் சேர்ந்தது. அங்கும் வறுமை விடவில்லை. ஆதலின் பன்னிரண்டு வயதுச் சிறுவனை மட்டும் தனியே பவேரியாவிலுள்ள ஆக்சுபர்க்கு நகருக்கு அனுப்பினர். அங்கே அவனுடைய உறவினராகிய பார்னிக்கல் என்பார் கணக்காசிரியராக இருந்தார். அவரும் அவர் மனைவியாரும் சிறுவனைத் தம் மகனைப்போல் வைத்துக் காத்தனர். அகதியாய் வந்த அச்சிறுவன் தொழிற்பள்ளியில் வகுப்பிலே முதல்வனாய்த் தேறினான். பெற்றோரோ அவன் விரைவில் வேலைக்குச் சென்று வீட்டைத் தாங்கவேண்டும் என விரும்பினர். அவனுக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கவே, மியூனிக்குத் தொழிற்கல்லூரியிற் சேர்ந்தான். பெற்றோர் விருப்பத்திற்கும் தன் கல்வி வேட்கைக்கும் இடையே நின்று வருந்தும் மாணவர் நம் நாட்டிலும் பலர் உளராதலின், இப்பகுதியை நம் நண்பர்கள் நன்குணர்வர்.

ஆசிரியரும் மாணாக்கரும்

மியூனிக்கிலே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே என்பவர். குளிரூட்டும் பொறிகளை ஆக்கிப் பெயர்பெற்றவர் அவர். அவர் வகுப்பிலே ஒருநாள், நீராவிப் பொறியானது தனக்கு இடப்படும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகின்றது. எஞ்சியது வீணே போகின்றது எனும் செய்தியை டீசல் கேட்டார். உலகமே நீராவியை வியந்து போற்றிய காலம் அது. பிறர் அதன் ஆற்றலைக் கண்டனர். டீசல் அதன் வீணழிவைக் கண்டார். பத்து மூட்டை நிலக்கரியிட்டால் ஒன்பது மூட்டை புகையாய்ப் போகும் கருவியை எப்படித் திருத்துவது என்னும் கேள்வி அன்று முதல் அவரை விட்டு நீங்கவேயில்லை.

1879-ஆம் ஆண்டு இறுதித் தேர்வு நெருங்கியபோது நச்சுக்காய்ச்சல் அவரைக் கீழே தள்ளிற்று. தேர்வெழுத இயலவில்லை. அவர் சோர்ந்திருந்து விடாது, சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்த்தூரிலுள்ள சுல்சர் தொழிற்சாலையிலே கைவேலை பழகினார். அடுத்த ஆண்டு தேர்வெழுதி உயர்ந்த சிறப்புடன் தேறினார். பின்னர்த் தம் ஆசிரியரின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பணியேற்றுப் பாரிசுக்கே மீண்டார். 1883-இல் மார்த்தா என்னும் நங்கையை மணந்தார். மூன்று மக்கட்பேறு வாய்த்தது.

பகலெல்லாம் பனிக்கட்டி, இரவெல்லாம் வெப்பப்பொறி என்பதாக அவர் வாழ்க்கை ஓடிற்று. முதலில் நீராவிக்கு மாற்றாக அம்மோனியா ஆவியைக் கொண்டு பொறி இயக்க முயன்றார். ஆண்டுகள் பல கழிந்தன, பயன் கிட்டவில்லை. 1890-இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் வேறொரு வழி அவருக்குத் தோன்றியது.

கருத்து

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பினை விரைந்து அடிப்போமாயின் அதன் அடிப்பகுதி சுடுதலைக் காண்கின்றோம். அமுக்கப்படும் காற்று வெம்மையுறும் என்பதே காரணம். அவ்வாறே ஓர் உருளைக்குள் காற்றை மட்டும் அடைத்து, பிஸ்டனால் மிக இறுக அமுக்கினால், எண்ணெய் தானே தீப்பற்றும் அளவிற்கு அது சூடேறும். அந்நொடியில் எண்ணெயைத் தெளித்தால், தீப்பொறியும் திரியும் வேண்டாமலே அஃது எரிந்து பிஸ்டனைத் தள்ளும். எவ்வளவுக்கு இறுக்கம் மிகுமோ அவ்வளவுக்கு வீணழிவு குறையும். இதுவே டீசலின் கருத்து. இதற்கு 1892-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். மறு ஆண்டு பிப்பிரவரியில் அது வழங்கப்பட்டது. அதே 1893-இல் தம் கொள்கையை நூலாகவும் வெளியிட்டார்.

இங்கு ஒன்று கூறவேண்டும். அந்நூலிலும் பத்திரத்திலும் அவர் முதலில் எழுதிய முறை முழுதும் சரியன்று. எண்ணெய் எரியும்போது வெப்பநிலை உயராதவாறு காக்கலாம் என அவர் கருதியது நடைமுறைக்கு ஒவ்வாதது. அதனைத் தாமே கண்டுணர்ந்து, திருத்திய முறைக்கு இரண்டாவது பத்திரமும் பெற்றார். ஆனால் அத்திருத்தத்தையே பகைவர் பின்னர் அம்பாக எடுத்து, அவர் செய்த பொறி அவர் பத்திரத்திற் கூறிய பொறியன்று என வழக்காடினர். கொண்ட கருத்தைத் திருத்திக்கொள்ளுதல் அறிஞர்க்கு அழகு; அவ்வழகே அவருக்குத் துன்பமாய் முடிந்தது.

பொறி உயிர்பெற்ற கதை

ஆக்சுபர்க்குத் தொழிற்சாலையின் தலைவராகிய ஐன்ரிக் பூட்சு என்பவரும், க்ரூப் நிறுவனத்தாரும் பொருளுதவ முன்வந்தனர். அகதிச் சிறுவனாய் வந்த அதே ஆக்சுபர்க்கிலே பொறி வடிக்கப்பட்டது. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் முதற் சோதனை. தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தினின்று தோல்வாரினால் பொறியைச் சுழற்றி எண்ணெயைத் தெளித்தனர். உருளைக்குள் வெடியெனத் தீப்பற்றிற்று; அழுத்தம் அளக்கும் கருவி சிதறித் தெறித்தது. பொறி தானே ஓடவில்லை. ஆயினும் தீக்குச்சியின்றியே எண்ணெய் பற்றும் என்பது மெய்யாயிற்று. டீசல் அதனைத் தோல்வியாகக் கொள்ளாது பொறியைத் திருத்தி அமைத்தார்.

1894-ஆம் ஆண்டு பிப்பிரவரி 17-ஆம் நாள் மறுபடியும் வாரினாற் சுழற்றினர். அன்று ஒரு வியப்பு நிகழ்ந்தது. அதுவரை பொறியை இழுத்துவந்த வாரினைப் பொறி தானே இழுக்கத் தொடங்கிற்று. நிமிடத்திற்கு 88 சுற்று வீதம், ஏறக்குறைய ஒரு நிமிட நேரம், எப்பாரமும் ஏற்காது, எவர் துணையும் வேண்டாது அது தன்னளவில் ஓடிற்று. உடனிருந்த தொழிலாளி அதனைக் கண்டு, வாய் திறவாது தம் தொப்பியைக் கழற்றி நின்றார் என்பர்.

நேயர்காள், அந்த ஒரு நிமிட ஓட்டமே உலகின் முதல் டீசல் வெற்றோட்டம். அப்பொறி அன்று ஒரு வண்டியை இழுக்கவில்லை. ஒரு கதிரையும் சுழற்றவில்லை. தன்னைத் தானே தாங்கிக்கொண்டது, அவ்வளவே. ஆனால் தன்னைத் தாங்க மாட்டாத பொறி பிறர் பாரத்தைத் தாங்குவது எங்ஙனம்? குழந்தை முதலில் நிற்கப் பழகிய பின்னரன்றோ நடக்கும்!

அதன்பின்னும் மூன்றாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. 1897-ஆம் ஆண்டு அதே பிப்பிரவரி 17-ஆம் நாள் பேராசிரியர் மோரிட்சு சுரோட்டர் என்பார் பொறியை முறைப்படி சோதித்தார். அது நிமிடத்திற்கு 154 சுற்று வீதம் ஓடி, ஏறத்தாழ 18 குதிரை ஆற்றல் தந்தது. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. நீராவிப் பொறிகள் பத்தில் ஒரு பங்கினையே எட்டிய காலத்தில் இது நான்கில் ஒரு பங்கினும் மிகுதியாகும். வகுப்பறையில் எழுந்த கேள்விக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது.

புகழும் பொருளும்

விடை கிடைத்த அன்றே செல்வமும் வந்து குவிந்தது. பல நாட்டார் உரிமை வாங்க விரைந்தனர். அமெரிக்க உரிமையை மது வடிக்கும் தொழிலதிபராகிய அடால்பசு புஷ் பெருந்தொகை கொடுத்துப் பெற்றார். 1900-ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியிலே டீசல் பொறி முதற்பரிசு பெற்றது. அங்கே ஒரு சிறு பொறி, பிரெஞ்சு அரசின் விருப்பப்படி, நிலக்கடலை எண்ணெயால் இயக்கப்பட்டது. அதன் வேறுபாடு பார்த்தவர் பலருக்குத் தெரியவேயில்லை. கடலை விளையும் நாமக்கல், சேலம் பகுதியினருக்கு இச்செய்தி சுவை தரும் என நம்புகின்றோம். செடி எண்ணெய்கள் இன்று அற்பமாகத் தோன்றினும் ஒரு காலத்தில் பெரும்பயன் தரலாம் என 1912-இல் டீசலே கருத்துத் தெரிவித்தார்.

ஆனால் புகழுக்குப் பின்னால் தொல்லைகள் அணிவகுத்து வந்தன. வாங்கியவர் செய்த பொறிகள் பல பழுதுபட்டுத் திரும்பின. உரிமை வழக்குகள் தொடர்ந்தன. தாமே வரைந்து, தாமே திருத்தி, தாமே ஊர் ஊராய்ச் சென்று விளக்கி, இரவும் பகலும் ஓய்வறியாது உழைத்த டீசலின் உடலும் உள்ளமும் 1898-ஆம் ஆண்டு ஒருங்கே தளர்ந்தன. சில காலம் மருத்துவ இல்லத்தில் தங்க வேண்டியதாயிற்று. கடுந்தலைவலி வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. ஈட்டிய பொருளையோ அவர் காக்க அறிந்திலர். மியூனிக்கிலே அரண்மனை போன்ற மாளிகை எடுப்பித்தார். நிலம் வாங்கிவிற்கும் தொழிலிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பொருளைக் கொட்டி இழந்தார்.

அவர் உள்ளம் செல்வத்தில் மட்டும் தங்கியதில்லை. பெருந்தொழிற்சாலை எழுந்தபின் சிறுதொழிலாளர் பிழைப்பிழப்பதை அவர் கண்டார். நீராவிப் பொறி பெரியது, விலை மிக்கது, செல்வர்க்கே உரியது. சிறு பட்டறைக்காரனும் வாங்கி இயக்கத்தக்க பொறி ஒன்றிருந்தால் அவன் பிழைப்பான் என்பது தொடக்கமுதல் அவர் கொண்ட எண்ணம். 1903-இல், தொழிலாளர் சிறுதொகை சேர்த்துத் தமக்குரிய தொழிற்கூடங்களைத் தாமே நிறுவலாம் எனக் கூறும் நூல் ஒன்றையும் எழுதினார். அதனை வாங்கிப் படித்தோர் மிகச் சிலரே. அவர் பொறியோ வேறு திசையிற் சென்றது; பெருந்தொழிற்சாலைகளையும் பெருங்கப்பல்களையும் அடைந்தது. 1912-ஆம் ஆண்டு செலாண்டியா என்னும் டேனிஷ் கப்பல் டீசல் பொறியாலேயே இயங்கிக் கோப்பன்கேகனிலிருந்து பாங்காக்கு வரை சென்றது. அதே பொறி நீர்மூழ்கிப் போர்க்கலங்களுக்கும் உயிரளித்தது.

முடிவு

1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்வதற்காக டீசல் ஆன்ட்வெர்ப்பு துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலேறினார். அது நீராவிக் கப்பல் என்பது காண்க. நண்பர் இருவரோடு உணவருந்தி, இரவு பத்து மணியளவில், காலையில் எழுப்புமாறு கூறித் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாயிருந்தது, படுக்கை கலையவில்லை. கப்பலின் பின்தளத்திலே அவருடைய தொப்பியும் மேலங்கியும் இருந்தன. சில நாட்களுக்குப் பின் டச்சுப் படகொன்று கடலிலே ஓர் உடலைக் கண்டு, அதிலிருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டது. அப்பொருள்கள் தம் தந்தையாருடையனவே என இளைய மகன் ஆய்கன் அடையாளங் கூறினார். அவருக்கு அப்போது வயது 55.

அவர் தாமே உயிர்நீத்தார் என்பர் பலர். கொலையுண்டார் என்பர் சிலர். தவறி வீழ்ந்தார் என்பாரும் உளர். இறந்தபின் அவருடைய கணக்கை ஆராய்ந்தபோது, கையிருப்பினும் கடனே மிகுதி என்பது வெளிப்பட்டது. ஒருவர் இறுதி நேரத்து உள்ளத்தை அளக்க நம்மிடம் கருவியில்லை. ஆதலின் யாம் தீர்ப்புரைக்க முற்படாது மேலே செல்கின்றோம்.

பொறிக்கு வாய்த்த காவலன்

டீசல் கண்ட பொறி, வீடளவு பெரியதாய், எண்ணெயைத் தெளிக்கத் தனிக் காற்றமுக்கியும் உடையதாய் இருந்தது. அதனை வண்டியில் ஏற்றுதல் அரிது. அவர் மறைந்து பத்தாண்டு கழிந்த பின்னரே, 1923, 1924-ஆம் ஆண்டுகளில், செருமனியில் டீசல் லாரிகள் தோன்றின. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் எண்ணெயைத் துளித்துளியாய் அளந்து தெளிக்கும் பம்பினைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியபின் டீசல் பொறி சிறிய வண்டிகளுக்கும் எளிதாயிற்று.

அப்பம்பின் உள்ளே ஒரு காவலன் உளன். டீசல் பொறியிற் காற்றைக் குறைக்கும் கதவு பொதுவாக இல்லை. உருளைக்குக் காற்று எப்போதும் நிறையச் செல்லும். வேகத்தை ஆள்வது எண்ணெயின் அளவு ஒன்றே. பாரமில்லாதபோது ஓடும் பொறிக்கு வேண்டுவது மிகச் சிறு துளி. அத்துளி சற்றே குறைந்தால் பொறி தளர்ந்து அவிந்துவிடும். சற்றே மிகுந்தால் வேகம் மேன்மேலும் ஏறிப் பொறியே சிதறக்கூடும். மனிதன் கையால் ஒவ்வொரு நொடியும் அத்துளியை அளத்தல் ஆகாது. ஆதலின் கவர்னர் எனப்படும் வேகங்காப்பான் அங்கே அமைக்கப்பட்டுள்ளது. சுழலும் சிறு குண்டுகள் இரண்டும் ஒரு சுருள்வில்லும் அதன் உறுப்புகள். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி எண்ணெயைக் குறைக்கும். வேகம் தாழ்ந்தால் வில் தள்ளி எண்ணெயைக் கூட்டும். ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் நீராவிப் பொறிக்குப் பூட்டிய குண்டுகளின் வழிவந்ததே இது.

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். நம் நாட்டில் 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பெட்ரோல் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். பின்னர் டீசல் ஜீப்புகள் வந்தன. கணிப்பொறி ஆளும் இக்கால வண்டிகளில் வெற்றோட்ட வேகத்தை எவரும் திருகித் திருத்துவதில்லை. பழைய டீசல் ஜீப்பிலோ அது பம்பின் மேலுள்ள ஒரு சிறு ஸ்க்ரூவின் கையில் உள்ளது. அச்ஸ்க்ரூ வில்லின் அழுத்தத்திற்கு எல்லையிட்டு, இவ்வேகத்தினும் தாழவிடாதே என வேகங்காப்பானுக்கு ஆணையிடுகின்றது.

இச்சிறு ஆணை மலைப்பாதையிற் பெரிதாகின்றது. வேகம் மிகத் தாழ்ந்திருப்பின், வளைவிலே கிளச்சை விடும்போது பொறி அவிந்துவிடும். அவிந்தால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடப் பம்பும் நின்றுவிடும். மிதி கல்லெனக் கடினமாகும். அவியாவிடினும் ஆயில் அழுத்தம் குறைந்து உறுப்புகள் தேயும். வேகம் மிகுந்திருப்பினும் கேடே. இறக்கத்தில் முதற் கியரிலே காலை எடுத்துவிட்டு இறங்குங்கால், வண்டியைப் பின்னிழுத்துத் தடுக்கவேண்டிய பொறி முன்னே தள்ளும். நிமிடத்திற்கு 750 சுற்றில் வைத்த ஜீப்பு மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குமாயின், 1,000 சுற்றில் வைத்தது அதே கியரில் 8 கிலோமீட்டரில் இறங்கும். மூன்றில் ஒரு பங்கு மிகுதியான இவ்வேகம் 70 வளைவுகளிலும் பிரேக்கையே நம்பச்செய்து, அதனைச் சூடேற்றிவிடும்.

ஆதலின் தேர்ந்த மெக்கானிக்கு ஸ்க்ரூவை முதலில் தொடமாட்டார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்திற்குக் கல் முட்டுக் கொடுப்பார். கழுத்துத் துண்டைக் கழற்றி வைப்பார். சுழலும் விசிறி துண்டையும் அறியாது, கழுத்தையும் அறியாது. பொறியை நன்கு சூடேற விடுவார். குளிர்ந்த நிலையில் திருத்தியது சூடேறியபின் தவறாகும். காற்று பில்டரும் டீசல் பில்டரும் தூய்மையாயுள்ளனவா, குழாயிற் காற்றுப் புகுந்துள்ளதா, ஆக்சிலேட்டர் கம்பி இறுகி நிற்கின்றதா எனப் பார்ப்பார். வேகம் ஏறியும் இறங்கியும் அலைந்தால் நோய் ஸ்க்ரூவில் இல்லை. பெரும்பாலும் எண்ணெயிற் கலந்த காற்றிலோ தேய்ந்த வேகங்காப்பானிலோ உள்ளது. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றிடுதல் மருத்துவமாகாது.

இவை செவ்விதாயின், வண்டியின் கையேடு கூறும் வேகத்தை நோக்குவார். பழைய நான்கு உருளைப் பொறிகளுக்கு அது பெரும்பாலும் 700 முதல் 850 சுற்றுக்குள் அமையும். டீசலில் தீப்பொறிப் பிளக்கு இல்லையாதலின், அத்தீப்பொறியை எண்ணும் கருவி இங்கே உதவாது. கீழ்ப் புல்லியில் ஒளிரும் பட்டை ஒன்றை ஒட்டி, ஒளியால் அளக்கும் கருவியைக் காட்டிச் சுற்றை எண்ணுவர். பின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பொறி அமைதியுற விட்டு, வேகம் பொருந்தியவுடன் ஸ்க்ரூ அசையாதவாறு பிடித்து நட்டை இறுக்குவர். முடிவில் மிதியை ஒருமுறை அழுத்தி விடுவர். பொறி அவியாமலும் தயங்காமலும் பழைய வேகத்திற்கு மீளவேண்டும். அருகிலேயே ஈய முத்திரையிட்ட மற்றொரு ஸ்க்ரூ உண்டு. அது மேலெல்லை வேகத்தைக் காப்பது, அதனைத் தொடலாகாது.

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயர்ந்த அம்மலையில் காற்று பத்தில் ஒரு பங்களவு மெலிந்திருக்கும். அதனால் குளிர்காலை வேளையில் பொறியைக் கிளப்புதல் சற்றுக் கடினமே. ஆயின் ஓடத் தொடங்கியபின், வெற்றோட்டத்திற்கு வேண்டும் சிறு துளியை எரிக்க அக்காற்றே மிகையாகும். எஞ்சிய வேறுபாட்டை வேகங்காப்பானே ஈடுசெய்யும்.

அவர் எண்ணியதும் நிகழ்ந்ததும்

டீசல் சிறுதொழிலாளிக்காக எண்ணிய பொறி அவர் வாழ்நாளில் அவனைச் சென்றடையவில்லை. ஆயின் பிற்காலத்தே அடைந்தது. நம் நாட்டுக் கிணற்றடிகளில் நீரிறைத்த ஆயில் எஞ்சின்கள் அவர் வழிவந்தவை. கொல்லிமலையடியில் உள்ள நாமக்கல் லாரிக் கூண்டு கட்டும் தொழிலால் பெயர்பெற்றது. அத்தொழிலும் அவர் பொறியைச் சார்ந்ததே. பலாப்பழமும் வாழைத்தாரும் மிளகும் காப்பிக்கொட்டையும் தலைச்சுமையாய் இறங்கிய மலையிலே, ஒரு பழைய ஜீப்பை உடையவன் தன் ஊராரின் விளைவைச் சந்தைக்குச் சேர்த்துத் தானும் பிழைக்கின்றான். தன் முதலைத் தானே கையாளும் அச்சிறு தொழிலாளி, டீசல் நூலில் எழுதி நாடிய மனிதனே ஆவான்.

இதன் மறுபுறத்தையும் மறைத்தல் கூடாது. டீசற்புகை புற்றுநோய் விளைப்பது என 2012-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தார் முடிவுசெய்தனர். ஆதலின் ஆள் ஏறும்வரை நெடுநேரம் வீணே பொறியை ஓடவிடுதல் எண்ணெய்க்கும் கேடு. ஊரார் உயிர்ப்புக்கும் கேடு. வீணழிவைப் பொறாத டீசலே இருந்திருப்பின் அதனைப் பொறுத்திரார்.

மாணவ நண்பர்காள், டீசலின் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன பல. நோயால் தேர்வை இழந்தும் மீண்டெழுந்த ஊக்கம், ஒரு கேள்வியை இருபதாண்டு விடாத உறுதி, தம் கருத்தைத் தாமே திருத்திய நேர்மை ஆகியவற்றைப் போற்றுவோம். அவற்றோடு அவரிடத்து இல்லாத ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். அவர் பொறிக்கு ஒரு வேகங்காப்பான் உண்டு. பாரம் நீங்கிய பொழுதில் அது பொறியை அவியவும் விடாது, வெறிகொண்டு ஓடவும் விடாது. அவருக்கோ பாரம் நீங்கிய பொழுது என்று ஒன்று இருந்ததாகவே தோன்றவில்லை. வேலையிற் கொண்ட வேகத்தோடே அவர் செல்வத்திலும் ஓடினார், கவலையிலும் ஓடினார். அடங்கி ஓடுதல் சோம்பலன்று. மேலேறும் பாரத்திற்காக ஆற்றலைக் காத்து நிற்றலே அது. தேர்வு, வேலை, பெயர் என்று ஓடத் தொடங்கியிருக்கும் நாம், நம் கீழெல்லை ஸ்க்ரூ எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை இளமையிலேயே பார்த்துத் திருத்திக்கொள்வது நன்று. பொறி சூடாயிருக்கும்போதே அதனைத் திருத்தவேண்டும் என்பது பட்டறை முறை.